விலங்குக் கதைப்பாட்டை அலகிட்டு ஆராய்வது எப்படி: சீர், தொடை, திரும்ப வரும் சொற்கள்

சிங்கப்பூரில் உயர்நிலை மூன்றிலோ தொடக்கக் கல்லூரியிலோ தமிழ் இலக்கியம் படிக்கும் பிள்ளைகளிடம் ஒரு விலங்குக் கதைப்பாட்டைக் கொடுத்தால், பலரும் முதலில் எழுதுவது அதன் நீதியைத்தான். அடுத்து யாப்பின் பெயரை எழுதுவார்கள். எதுகை, மோனை என்று இரண்டு உதாரணம் காட்டிவிட்டு எழுந்துவிடுவார்கள். ஒவ்வொன்றும் சரியாகவே இருக்கலாம். ஆனாலும் விடை நிற்காது, ஏனென்றால் ஓசைக்கும் கதைக்கும் என்ன உறவு என்று அதில் ஒரு வரிகூட இருக்காது.

அந்த உறவைப் பிடிக்க வேலையைச் சரியான வரிசையில் செய்ய வேண்டும். இங்கே ஒவ்வொரு படியும் அதற்கு முந்தைய படியைச் சரிபார்க்கும். நடுவில் ஒன்றைத் தாண்டினால் பிழை எங்கே நுழைந்தது என்பதே தெரியாமல் போகும்.

பயிற்சிக்காக நானே கட்டிய பாட்டு இது. காலாங் ஆற்றோரம் நடப்பவர்கள் நீர்நாயையும் நாரையையும் பார்த்திருப்பார்கள். கதை கற்பனை.

ஆற்றிலே மூழ்கி மீனை
அள்ளிய நீர்நாய் ஒன்று
சேற்றிலே ஒற்றைக் காலில்
சிலையென நின்ற நாரை
போற்றியே அருகில் வந்து
"புவியிலே உம்போல் உண்டோ
ஏற்றமாய் மூழ்கிக் காட்டும்
இன்னொரு முறைதான்" என்றே.

சொல்லிலே மயங்கி மீனைச்
சுடுமணற் கரையில் வைத்து
வல்லவன் நானே என்று
வாலினை ஆட்டி மூழ்கும்
மெல்லவே நாரை சொல்லும்
"மிகமிக அருமை அண்ணே
எல்லையைத் தொட்டு வாரும்
இன்னொரு முறைதான்" என்றே.

மீண்டது கரைக்கு நீர்நாய்
மீனையோ காண வில்லை
நீண்டதோர் அலகின் ஓரம்
நெளிந்தது வாலின் மிச்சம்
தாண்டியே பறந்த நாரை
தலையினைத் திருப்பிச் சொல்லும்
"ஈண்டுநான் வருவேன் நாளை
இன்னொரு முறைதான்" என்றே.

1. தொடங்கும் முன் தேவையானவை

பாட்டைத் தாளில் இடைவெளி விட்டு எழுதிக்கொள்ளுங்கள். திரையில் அலகிட (அசையும் சீருமாகப் பிரிக்க) வேண்டாம். அசைக்கு நடுவே கோடு போட இடமிருக்காது, போட்ட கோட்டை அழித்துத் திருத்தவும் முடியாது. பென்சில் ஒன்று, வண்ணப் பேனா இரண்டு போதும்.

குறில், நெடில், ஒற்று மூன்றையும் தயங்காமல் பிரிக்கத் தெரிந்திருக்க வேண்டும். வாய்பாட்டில் தேமா (நேர் நேர்), புளிமா (நிரை நேர்), கூவிளம் (நேர் நிரை), கருவிளம் (நிரை நிரை) என்ற நான்கும் மனப்பாடமாக வேண்டும். நேர், நிரை என்ற அசைகளை நான்காம் படியில் பார்ப்போம். மூவசைச் சீருக்கு, கடைசியில் நேர் வந்தால் காய், நிரை வந்தால் கனி என்பது தெரிந்தால் இப்போதைக்குப் போதும்.

பாட்டை இரண்டு முறை வாய்விட்டுப் படித்துக் கைப்பேசியில் பதிந்துகொள்ளுங்கள். பின்னால் கணக்குச் சிக்கும்போது உங்கள் குரலே துணைக்கு வரும்.

2. கதையை மூன்று வாக்கியத்தில் எழுதுங்கள்

நாரை புகழ்கிறது. நீர்நாய் மீனைக் கரையில் வைத்துவிட்டு மூழ்குகிறது. நாரை மீனைத் தின்றுவிட்டு நாளையும் வருவதாகச் சொல்லிப் பறக்கிறது.

இதில் நீதி கிடையாது, யார் என்ன செய்தார் என்பது மட்டும்தான். எந்தப் பாட்டில் எந்தத் திருப்பம் நிகழ்கிறது என்று முதலிலேயே குறித்து வைத்தால்தான், பிறகு ஓசை மாறும் இடம் கண்ணில் படும்போது அது திருப்பத்தோடு ஒட்டுகிறதா என்று பார்க்க முடியும். நீதியை முதலில் எழுதிவிட்டால், அதற்குச் சாட்சி தேடுவதே மீதி வேலையாகிவிடும்.

3. அச்சு வரியை அடியாக மாற்றுங்கள்

மேலே ஒவ்வொரு பாட்டும் எட்டு வரியாகத் தெரிகிறது. பலர் "எட்டடிப் பாடல்" என்று எழுதுவது இங்கேதான். நீண்ட அடியைப் பக்க அகலத்துக்காக இரண்டாக மடித்து அச்சிடுவது வழக்கம். கைப்பேசித் திரையில் அது மூன்றாகக்கூட மடியும்.

அடி எங்கே தொடங்குகிறது என்பதை எதுகை, அதாவது இரண்டாம் எழுத்து ஒன்றுவது, சொல்லிவிடும். ஆற்றிலே, சேற்றிலே, போற்றியே, ஏற்றமாய் என்ற நான்கும் ஒன்றுக்கொன்று ஒத்துப் போகின்றன. அள்ளிய, சிலையென, புவியிலே, இன்னொரு என்ற நான்கும் ஒத்துப் போகவில்லை. ஆகவே முதல் நான்குதான் அடியின் தொடக்கம், மற்றவை மடிப்பு. நான்கடி, அடிக்கு ஆறு சீர் என்று ஓரத்தில் பென்சிலால் எழுதுங்கள். இது இன்னும் முடிவல்ல, ஊகம்தான்.

4. அசை பிரியுங்கள்

அதிக நேரம் செலவாகும் படி இது. அவசரப்பட்டால் பின்னால் வரும் எல்லாமே சாயும்.

இடமிருந்து வலமாக ஒவ்வொரு எழுத்தாகப் போங்கள். நெடில் வந்தால் அங்கேயே நேரசை முடிந்தது, பின்னால் ஒற்று இருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். குறில் வந்தால் அடுத்த எழுத்தைப் பாருங்கள். அடுத்தது ஒற்று என்றால் நேர், சீரின் கடைசியில் தனியாக நின்றாலும் நேர். அடுத்தது இன்னொரு குறிலோ நெடிலோ என்றால் இரண்டும் சேர்ந்து நிரை, அதன் பின் வரும் ஒற்றும் அதோடு சேரும். நெடிலில் தொடங்கி நிரை வராது.

முதல் அடி இப்படிப் பிரியும்:

ஆற்/றிலே – மூழ்/கி – மீ/னை – அள்/ளிய – நீர்/நாய் – ஒன்/று

இரண்டாம் அடி:

சேற்/றிலே – ஒற்/றைக் – கா/லில் – சிலை/யென – நின்/ற – நா/ரை

புதியவர்கள் இடறும் இடங்கள் பெரும்பாலும் மூன்று.

முதலாவது, ஒற்றைத் தனி அசையாக எண்ணுவது. "ஆற்றிலே" என்பதை ஆ, ற்றி, லே என்று பிரித்து மூன்று நேர் என்பார்கள். ஒற்று எப்போதும் முன்னால் இருக்கும் எழுத்தோடு போகும், அதற்குத் தனிக் கணக்கு இல்லை. பள்ளியில் ஆங்கில இலக்கியமும் எடுக்கும் பிள்ளைகள் வேறொரு வழியில் வழுக்குவார்கள். எந்த எழுத்தை அழுத்திச் சொல்கிறோம் என்று தேடுவார்கள். தமிழ் யாப்பில் அழுத்தத்துக்கு வேலை இல்லை, குறில் நெடில் கணக்குதான்.

இரண்டாவது, ஐகாரம். சொல்லின் முதலில் வரும் ஐ நெடில். "வைத்து" என்பதில் வைத் நேர், சந்தேகமில்லை. சொல்லின் நடுவிலும் கடைசியிலும் ஐ குறுகும், அங்கே அதைக் குறிலாகக் கொள்ளலாம். "எல்லையைத்" என்பதை எல்/லை/யைத் என்று மூன்று நேராகப் பிரித்தால் தேமாங்காய் வரும். ஆனால் பாட்டில் மற்றப் பதினோரு அடிகளும் விளச்சீரில்தான் தொடங்குகின்றன. ஐகாரத்தைக் குறுக்கினால் எல்/லையைத் என்று கூவிளமாகிப் பன்னிரண்டாவதும் வரிசையில் நின்றுவிடும். "மீனையோ" என்பதும் அப்படித்தான்: மீ/னையோ. ஐகாரச் சிக்கல் வந்தால் அந்தச் சீரின் மேல் ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டு மேலே போங்கள். முழுப் பாட்டும் முடிந்த பிறகு மற்ற அடிகளே தீர்ப்புச் சொல்லும்.

மூன்றாவது, சொல்லும் சீரும் ஒன்றே என்று நினைப்பது. "காணவில்லை" ஒரே சொல். அப்படியே எடுத்தால் கா/ணவில்/லை என்று கூவிளங்காய் ஆகும், அந்த அடியில் ஐந்து சீர்தான் மிஞ்சும். சீருக்காகச் சொல்லை வெட்டும் இதற்கு வகையுளி என்று பெயர். நான் காண, வில்லை என்று பிரித்தே எழுதியிருக்கிறேன். உங்கள் பாடநூலில் சேர்ந்து இருக்கலாம், அப்போது நீங்கள்தான் வெட்ட வேண்டும்.

5. முதலில் சீர்களின் வரிசை, பிறகுதான் பெயர்

பன்னிரண்டு அடியையும் பிரித்து முடித்தபின் ஒவ்வொரு சீருக்குக் கீழும் வாய்பாட்டை எழுதி, மேலிருந்து கீழாகப் படியுங்கள். குறுக்காகப் படித்தால் பலவிதமாகத் தெரியும் சீர்கள், நெடுக்காகப் படிக்கும்போது ஒழுங்குக்கு வந்துவிடும்:

விளம் – மா – தேமா – விளம் – மா – தேமா

ஒன்றாம், நான்காம் சீர்களில் கூவிளமோ கருவிளமோ வரலாம். இரண்டாம், ஐந்தாம் சீர்களில் தேமாவோ புளிமாவோ வரலாம். மூன்றும் ஆறும் தேமா மட்டும்.

நான்கு அடி, எல்லா அடிக்கும் சமமான சீர், நான்கடிக்கும் ஒரே எதுகை. ஐந்து சீருக்கு மேல் போனால் கழிநெடிலடி. ஆக, அறுசீர்க் கழிநெடிலடி ஆசிரிய விருத்தம். பெயரை இவ்வளவு பின்னால் வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. பெயரை முதலிலேயே முடிவு செய்தவர்கள், கணக்கு ஒத்துவராத சீரைப் பெயருக்கு ஏற்றபடி வளைத்துவிடுவார்கள்.

காதால் சரிபார்க்க ஒரு வழி உண்டு. தொண்டரடிப்பொடி ஆழ்வாரின் திருமாலையில் "பச்சைமா மலைபோல் மேனி பவளவாய்க் கமலச் செங்கண்" என்ற அடிக்கும் இதே வாய்பாடுதான். பெருமாள் கோயிலுக்குப் போகும் வீட்டுப் பிள்ளைகளுக்கு அது காதில் ஏற்கெனவே இருக்கும். அந்த மெட்டிலேயே நீர்நாய்ப் பாட்டைச் சொல்லிப் பாருங்கள். எங்கேயாவது நாக்கு தடுக்கினால் அந்தச் சீரின் கணக்கை மறுபடி பாருங்கள்.

6. எதுகையும் மோனையும்: அடியின் இடப்பக்கம் பாருங்கள்

அடியின் கடைசியில் ஒலி ஒன்றினால்தான் ஓசை நயம் என்று பலர் பழகியிருக்கிறார்கள். இந்தப் பாட்டில் அடிகளின் கடைசியைப் பார்த்தால் ஒன்று, நாரை, உண்டோ, என்றே. ஒன்றோடொன்று சேரவில்லை. உடனே "தொடை நயம் குறைவு" என்று எழுதிவிடுவார்கள். கடைசியில் ஒன்றுவது இயைபு. இந்தப் பாட்டு அதை நம்பி நிற்கவில்லை.

எதுகைக்கு இரண்டாம் எழுத்து ஒன்ற வேண்டும், முதல் எழுத்தின் அளவும் ஒக்க வேண்டும். முதல் பாட்டில் ஆ, சே, போ, ஏ எல்லாம் நெடில், பின்னால் ற். இரண்டாம் பாட்டில் சொ, வ, மெ, எ எல்லாம் குறில், பின்னால் ல். மூன்றாம் பாட்டில் மீண்டும் நெடில், பின்னால் ண். அளவை மறந்துவிட்டு "பாடம், படம்" போன்றவற்றை எதுகை என்று காட்டுவது அடிக்கடி வரும் பிழை. இன்னொன்று நம் ஊரில் கூடுதலாக வருவது: ல, ள, ழ மூன்றையும் ஒரே மாதிரி உச்சரிப்பதால் "அள்ளிய", "சொல்லிலே" இரண்டும் எதுகையாகக் காதில் விழும். இந்த இடத்தில் காதை நம்பாதீர்கள், எழுத்தைப் பாருங்கள்.

மோனை முதல் எழுத்து ஒன்றுவது. அதற்கு ஒன்றாம் சீரையும் நான்காம் சீரையும் ஒரே வண்ணத்தில் வட்டமிடுங்கள். ஆ–அ, சே–சி, போ–பு, ஏ–இ என்று பன்னிரண்டு அடியிலும் மோனை விழுகிறது. இந்தப் பாட்டில் மெய் ஒன்றாகவே இருக்கிறது, உயிர் அதன் இனத்துக்குள் மாறலாம்: அ, ஆ, ஐ, ஔ ஓர் இனம், இ, ஈ, எ, ஏ ஓர் இனம், உ, ஊ, ஒ, ஓ ஓர் இனம். ஏற்றமாய், இன்னொரு இரண்டும் மோனையாவது இந்த விதியால்தான். "எழுத்து வேறு, ஆகவே மோனை இல்லை" என்று தாண்டிப் போகிறவர்கள் பாதியை இழக்கிறார்கள்.

மூன்றாம் படியில் செய்த ஊகம் இங்கே உறுதியாகும். மடித்து அச்சிட்ட இரண்டு துண்டையும் ஒரே அடியாகக் கட்டுவது நான்காம் சீரின் மோனைதான்.

இனிதான் இந்தப் படியின் சுவையான பகுதி. ஒவ்வொரு பாட்டும் "இன்னொரு முறைதான் என்றே" என்று முடிகிறது. நான்காம் சீர் "இன்னொரு" என்று முன்பே முடிவாகிவிட்டதால், அந்த அடி இ, ஈ, எ, ஏ ஆகிய நான்கில் ஒன்றில்தான் தொடங்க முடியும். கூடவே அந்தந்தப் பாட்டின் எதுகையும் வேண்டும். ஏற்றமாய், எல்லையை, ஈண்டுநான் என்ற மூன்றும் இந்த இரட்டை நெருக்கடியில் வந்த சொற்கள்.

அதிலும் "ஈண்டு" (இங்கே) பேச்சில் இல்லாத சொல். முந்தைய பாட்டில் "அண்ணே" என்று குழைந்த பறவை, திடீரென்று "ஈண்டு" என்கிறதே, ஏன்? எதுகைக் கட்டாயம் என்று ஒருவர் எழுதலாம். மீன் வயிற்றுக்குள் போனதும் நாரையின் பேச்சு மிடுக்காகிவிட்டது என்று இன்னொருவர் எழுதலாம். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும், ஆனால் இரண்டுக்கும் சான்று பாட்டிலேயே இருக்கிறது. சான்றோடு எழுதினால் எதுவும் தவறில்லை.

7. திரும்ப வரும் சொற்களை வகைப்படுத்துங்கள்

இரண்டாவது வண்ணப் பேனாவை எடுங்கள். ஒரு முறைக்கு மேல் வரும் எல்லாச் சொல்லுக்கும் அடிக்கோடு போடுங்கள். வேற்றுமை உருபு மாறியிருந்தாலும் விடாதீர்கள்.

கண்ணில் முதலில் படுவது "இன்னொரு முறைதான் என்றே". மூன்று முறையும் சொற்கள் மாறவில்லை, பேசுவதும் நாரையேதான், மாறுவது வேலை. முதல் முறை ஆசை காட்டல், இரண்டாம் முறை நேரம் கடத்தல், மூன்றாம் முறை கேலி. முதல் இரண்டிலும் மூழ்க வேண்டியது நீர்நாய். மூன்றாவதில் வரப்போவது நாரை. "திரும்ப வருவதால் கருத்து வலுப்பெறுகிறது" என்று எழுதுவதை இனிமேல் விட்டுவிடலாம். இந்த இடத்தில் எதுவும் வலுப்பெறவில்லை, பொருள் தலைகீழாகியிருக்கிறது.

அடுத்தது அமைதியாக வரும் ஒரு சொல்: மீனை. முதல் பாட்டில் நீர்நாய் மீனை அள்ளுகிறது, இரண்டில் மீனைக் கரையில் வைக்கிறது, மூன்றில் மீனையோ காணவில்லை. முழுக் கதையும் இந்த ஒரு சொல்லில் இருக்கிறது. மூன்றாவது இடத்தில் மட்டும் ஓகாரம் ஒட்டியிருப்பதைக் கவனியுங்கள். கை வெறுமையாகும் இடத்தில்தான் சொல்லுக்கு ஒரு எழுத்து கூடுகிறது.

வால் இரண்டு முறை வருகிறது. முதலில் செருக்கோடு ஆடும் நீர்நாயின் வால், பிறகு அலகோரம் நெளியும் மீனின் வால். இதைச் சொல் பின்வருநிலையணி என்று எழுதுபவர்கள் உண்டு. அந்த அணிக்குச் சொல் ஒன்றாகவும் பொருள் வேறாகவும் இருக்க வேண்டும். இங்கே இரண்டு இடத்திலும் பொருள் வால்தான், வாலுக்கு உடையவர்தான் வேறு. ஆகவே சொற்பொருள் பின்வருநிலையணி. "மிகமிக" அடுக்குத்தொடர். "மிக" தனியாக நின்றாலும் பொருள் தருவதால் இரட்டைக்கிளவி அல்ல.

கடைசியாக, திரும்ப வராமல் நின்றுபோன சொல் எது என்று தேடுங்கள். இதைப் பெரும்பாலோர் செய்வதில்லை. மூழ்குதல் முதல் பாட்டில் இருமுறையும் இரண்டாம் பாட்டில் ஒரு முறையும் வருகிறது. மூன்றாம் பாட்டில் இல்லை. அதன் இடத்தில் "மீண்டது" வந்து, அந்தப் பாட்டின் எதுகையையே தொடங்கி வைக்கிறது.

8. ஓசை மாறும் இடத்தைக் கதையோடு வையுங்கள்

ஐந்தாம் படியில் எழுதிய வாய்பாட்டுத் தாளுக்குத் திரும்புங்கள். இரண்டாம், ஐந்தாம் சீர்களில் கவிஞருக்குச் சுதந்திரம் இருந்தது, தேமாவும் போடலாம், புளிமாவும் போடலாம். சுதந்திரம் உள்ள இடத்தில் என்ன தேர்ந்தெடுத்தார் என்பதுதான் ஆராயத் தக்கது. கட்டாயமாகத் தேமா வரும் மூன்றாம் சீரைப் பற்றி நயம் எழுதுவதில் பயனில்லை.

முதல் பாட்டில் அந்த எட்டு இடங்களில் புளிமா 2 (அருகில், முறைதான்). இரண்டாம் பாட்டில் 4 (மயங்கி, கரையில், அருமை, முறைதான்). மூன்றாம் பாட்டில் 6 (கரைக்கு, அலகின், பறந்த, திருப்பிச், வருவேன், முறைதான்). நிரையசையில் எழுத்துகள் கூடுவதால் ஓட்டம் விரைவாகக் கேட்கும். நாரை ஒற்றைக் காலில் அசையாமல் நிற்கும் அடியில் இரு இடங்களிலும் தேமா. பறந்து போய்த் தலையைத் திருப்பும் அடியில் இரு இடங்களிலும் புளிமா.

ஓர் எச்சரிக்கை. எண்ணிக்கையை மட்டும் எழுதினால் அது கணக்குப் பாடம். எண்ணிக்கை எந்தச் செயலோடு ஒட்டுகிறது என்று காட்ட முடியாவிட்டால் அதை விட்டுவிடுங்கள். நான்காம் சீரில் கூவிளமும் கருவிளமும் மாறி மாறி வருவதில் எனக்கு எந்த ஒட்டும் தெரியவில்லை. அதை இழுத்துப் பொருள் சொல்ல வேண்டியதில்லை.

9. பாட்டு விருத்தமாக இல்லாவிட்டால்

சிந்து, கண்ணி போன்ற இசைப்பாட்டானால் நான்காம் படியில் அசைக்குப் பதில் தாளத்தை எண்ணுங்கள். கைதட்டிக்கொண்டே பாடி, ஒவ்வொரு தட்டுக்கும் எத்தனை எழுத்து விழுகிறது, எங்கே நீட்டிப் பாடுகிறோம் என்று குறியுங்கள். அசை பிரித்துப் பார்த்து "யாப்பு தவறியுள்ளது" என்று எழுதுவது அநியாயம்.

புதுக்கவிதையானால் நான்கையும் ஐந்தையும் விட்டுவிட்டு, வரி எங்கே உடைகிறது என்பதிலிருந்து தொடங்கி நேராக ஏழாம் படிக்குப் போங்கள். மற்றப் படிகள் அப்படியேதான்.

10. விடையை எழுதும் வரிசை

அலகிட்ட வரிசையைத் தலைகீழாக்கி எழுதுங்கள். முதலில் நீங்கள் கண்ட உறவு, பிறகு அதற்கான சொல், அப்புறம்தான் இலக்கணப் பெயர். யாப்பின் பெயரில் தொடங்கும் பத்தி பெரும்பாலும் பெயரிலேயே முடிந்துவிடுகிறது.

ஒரு மாதிரிப் பத்தி:

"நாரையின் சொல் மாறாமல் இருக்க, நீர்நாயின் நிலை மட்டும் மாறுவதைக் கவிஞர் திரும்ப வரும் சொற்களால் காட்டுகிறார். 'இன்னொரு முறைதான் என்றே' என்னும் முடிவு மூன்று பாடல்களிலும் வருகிறது. முதல் இரண்டில் வேண்டுகோளாக ஒலிக்கும் அது, மூன்றில் 'ஈண்டுநான் வருவேன் நாளை' என்பதோடு சேர்ந்து கேலியாகிறது. ஈண்டு, இன்னொரு என்னும் மோனை இரண்டையும் ஒரே அடியாகப் பிணைப்பதால், மாற்றம் நிகழ்ந்ததே தெரியாதபடி ஓசை வழுக்கிச் செல்கிறது. நீர்நாய் ஏமாந்ததைப் போலவே கேட்பவரும் ஒரு கணம் பிந்தியே அதை உணர்கிறார். அறுசீர் விருத்தத்தின் ஒழுங்கான நடை இதற்குத் துணை நிற்கிறது."

எழுதி முடித்தபின் இலக்கணப் பெயர்களை மட்டும் விரலால் மறைத்துப் பத்தியைப் படித்துப் பாருங்கள். மீதி உள்ளது பாட்டைப் பற்றி ஏதாவது சொன்னால் கொடுத்துவிடலாம். சொல்லாவிட்டால் ஏழாம் படிக்குத் திரும்புங்கள்.